மனை விலையும் வாடகையும்: நகர் ஊரமைப்பு விதிகள் நம் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது எப்படி?



நமது அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்கள் முன்பெல்லாம் மூன்று வகையாக இருந்தன: பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம். சில ஆண்டுகளாக நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வாடகை பாக்கி, வாடகை முன்பணம், போக்கியத்துக்குக் கொடுக்கத் தொகை குறைகிறது, வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட வங்கி கடன் தர மறுக்கிறது என்று வருகிற மனுக்கள் அவை. ஒரு மாத வாடகைக்கு உதவினால் அடுத்த மாதமும் அதே குடும்பம் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆகவே, உதவித்தொகை கொடுப்பதோடு நில்லாமல் இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்பதையும் நம் குடும்பங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மனை விலை ஏறுவதற்கு மக்கள்தொகை, வெளியூர்ப் பணம், வட்டி விகிதம், சிமெண்ட் கம்பி விலை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் நாம் அன்றாடம் பேசுகிறோம். நாம் அதிகம் பேசாத ஒரு காரணம் இருக்கிறது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, எத்தனை மாடி கட்டலாம், பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அரசு வகுத்திருக்கும் விதிகள்தான் அது.

விதி என்பது என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதற்கு முன்பு 1920-இல் இயற்றப்பட்ட சென்னை நகரமைப்புச் சட்டம் இருந்தது. இன்றைய சட்டத்தின்படி, ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், தயாரிக்கப்படும்போது அங்குள்ள நிலமெல்லாம் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம், பொது நிறுவனங்கள் என்று வகை பிரிக்கப்படும். குடியிருப்புப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு கட்டலாம். விவசாயப் பகுதி என்று குறிக்கப்பட்டால், நிலப் பயன்பாட்டு மாற்றம் பெற்ற பிறகுதான் மனை போட முடியும். இதை நடைமுறைப்படுத்துவது நகர் ஊரமைப்பு இயக்ககம். மனை விற்பவர்கள் 'டிடிசிபி' என்று சொல்வது இதைத்தான். சென்னைப் பகுதிக்குத் தனியாக சி.எம்.டி.ஏ. உள்ளது.

இதற்கு மேல், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. வீட்டைச் சுற்றி எவ்வளவு காலியிடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் கட்டலாம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இப்படிப்பட்ட விதிகள் நமக்குப் புதியவை அல்ல. பாதையின் அகலத்தில் தகராறு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஏழு முழம் என்பது ஏறக்குறைய பத்தரை அடி. பொதி ஏற்றிய ஒட்டகம் தாராளமாகப் போகும் அளவு. பழைய முஸ்லிம் நகரங்களில் அண்டை வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி ஜன்னல் வைக்கக் கூடாது, பொதுச் சந்தை அடைக்கக் கூடாது என்றெல்லாம் காஜிகள் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்கள். ஆகவே விதி இருப்பது தவறு என்று நாம் சொல்ல முடியாது. விதியால் யாருக்குப் பாதுகாப்பு, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

விதிகள் விலையை எப்படி ஏற்றுகின்றன என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். கீழே உள்ள விலைகள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த இடத்தின் சந்தை விலையும் அல்ல.

ஒருவர் இரண்டு ஏக்கர் நிலத்தைச் சதுர அடி 300 ரூபாய்க்கு வாங்கி மனை போடுகிறார். இரண்டு ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. நிலத்தின் விலை மொத்தம் 2,61,36,000 ரூபாய். விதிப்படி அகலமான சாலைகள் விட்டால் நிலத்தில் சுமார் 30 சதவீதம் சாலைக்குப் போகும். மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்காகத் திறந்தவெளியாக விட வேண்டும். விற்பனைக்கு எஞ்சுவது சுமார் 54,886 சதுர அடி. அப்படியானால் நிலத்துக்கு மட்டுமே சதுர அடிக்கு 476 ரூபாய் அடக்கம் வந்துவிடுகிறது. சாலை போடும் செலவும், வடிகாலும், கட்டணங்களும், லாபமும் இதற்கு மேல்.

இன்னொருவர் எந்த அனுமதியும் வாங்காமல் குறுகலான சந்துகள் மட்டும் விட்டு, பூங்கா இல்லாமல், நிலத்தில் 88 சதவீதத்தை விற்கிறார். அவருக்கு அடக்கம் 341 ரூபாய்தான். 1,200 சதுர அடி மனைக்கு இது சுமார் 1.6 லட்சம் ரூபாய் வித்தியாசம். தினக்கூலிக்குப் போகும் குடும்பமோ, தள்ளுவண்டியில் வியாபாரம் செய்யும் குடும்பமோ இரண்டாவது மனையைத்தான் வாங்கும். வசதியுள்ளவர் முதல் மனையை வாங்குவார். இப்படி ஒரே ஊரில் இரண்டு விதமான தெருக்கள் உருவாகின்றன. ஒன்றில் தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸும் வீட்டு வாசல் வரை வரும். மற்றொன்றில் ஜனாஸாவைக் கூடத் தெருமுனை வரை தோளில் சுமந்துதான் வாகனத்தில் ஏற்ற வேண்டும்.

அடுத்தது மாடி உயரம். ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்கிறார்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த இந்தக் குறியீட்டை 2019 விதிகள் 2 ஆக உயர்த்தின. 24 லட்சம் ரூபாய் மதிப்புள்ள 1,200 சதுர அடி மனையில் ஒரே ஒரு வீடுதான் கட்டலாம் என்றால், அந்த வீட்டின் நிலச்செலவு 24 லட்சம். குறியீடு 1.5 என்றால் 900 சதுர அடியில் இரண்டு வீடு. ஆளுக்கு 12 லட்சம். குறியீடு 2 என்றால் 800 சதுர அடியில் மூன்று வீடு. ஆளுக்கு 8 லட்சம். நிலம் அதேதான். விதி மாறும்போது ஒரு குடும்பத்தின் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

ஆனால் இந்தக் கணக்கு காகிதத்தில் இருப்பது போலத் தெருவில் நடப்பதில்லை. பாதையின் அகலத்தைப் பொறுத்தே எத்தனை வீடு கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்பது தீர்மானமாகிறது. அகலமான சாலையில் மனை வைத்திருப்பவருக்கு அனுமதிக்கப்பட்ட மாடி முழுவதும் கிடைக்கும். குறுகிய சந்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. ஆக, விதியைத் தளர்த்தும்போதும் அதன் பலன் முதலில் வசதியுள்ள தெருவுக்கே போய்ச் சேர்கிறது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஏமாற்று வார்த்தை

நம் பகுதியில் மனை வாங்கிய பலர், "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் ஊராட்சித் தலைவர் மட்டும் முத்திரை போட்டுக் கொடுத்த வரைபடம் சட்டப்படி அனுமதி ஆகாது. பல ஆண்டுகள் இப்படி விற்கப்பட்ட மனைகள் பத்திரப்பதிவும் ஆகிவந்ததால் மக்கள் நம்பிவிட்டார்கள்.

இந்த நிலை 2016-இல் மாறியது. விளைநிலங்களை அனுமதியின்றி மனைகளாக்குவது குறித்து வந்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெறாத மனைப்பிரிவில் உள்ள மனையைப் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவானதென்றால் மறுபதிவு செய்யலாம் என்பதே அதன் சாரம். பிறகு 2017 மே மாதம், அனுமதியற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அவை பொருந்தும். அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விதியை மீறி மனை போட்டவர் விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட வேண்டியவர், கடைசியாகக் கையில் பத்திரம் வைத்திருக்கும் ஏழைதான். கட்டாவிட்டால் கட்டட வரைபட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைக்காது. அவசரத்துக்கு வெளியில் வாங்கினால் அது கந்து வட்டி. கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருந்தாலும், அது வாசலுக்கு வந்துவிட்டால் குடும்பத்தை விழுங்காமல் விடுவதில்லை. வட்டியிலிருந்து விலகி நிற்க நினைக்கும் நம் குடும்பங்களுக்கு, அனுமதி இல்லாத மனை என்பது மார்க்கத்தையும் சோதிக்கும் விஷயமாகிவிடுகிறது. குறைந்த விலைக்கு வாங்கியதாக நினைத்த மனை, முடிவில் கூடுதல் விலையாகிவிடுகிறது.

விதியே வேண்டாம் என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல முடியாது என்பதை நம் ஊர் மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டிருக்கிறது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஏழு உயிர்கள் போயின; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த நாட்களில் மீட்புப் பணியைப் பார்த்துக்கொண்டு நின்ற எவருக்கும், மலைச்சரிவில் வீடு கட்டக் கூடாது என்ற விதி ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

ஏரிகளும் அப்படியே. வேங்கிக்கால் ஏரி நிறைந்து வழியும் ஆண்டுகளில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஏரியையும் அதன் கால்வாய்களையும் ஆக்கிரமிப்பதைத் தடுக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. நீர்வழி என்பது நம் பேரப்பிள்ளைகளின் சொத்து. அதை விட்டுக்கொடுக்கும்படி யாரும் கேட்கக் கூடாது.

ஆனால் அதே கேள்வியின் மறுபாதியையும் கேட்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் ஏன் மலையடிவாரத்திலும் கால்வாய் ஓரத்திலும் குடியேறுகிறார்கள்? சமதளத்தில், சட்டப்படியான மனையின் விலை அவர்கள் கைக்கு எட்டவில்லை என்பது பெரிய காரணம். "இங்கே கட்டாதே" என்று சொல்லும் விதி சரிதான். "அப்படியானால் எங்கே கட்டலாம்" என்பதற்கும் அதே விதிநூலில் பதில் இருக்க வேண்டும்.

சென்னையின் அனுபவம் இதற்குச் சாட்சி. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டன. வேலை செய்த இடத்திலிருந்தும் பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்தும் வெகுதூரம். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி எடுத்துச் சென்ற மக்களை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்தார்கள். பாதுகாப்புக்கான விதி, ஏழையின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் போனால் இப்படித்தான் முடியும்.

பிற ஊர்களில் நடந்தவை

மும்பையைப் பார்ப்போம். அங்கு 1964-இல் தளப்பரப்புக் குறியீடு அறிமுகமானது. 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு 1.33 என்றும் புறநகருக்கு 1 என்றும் இருந்தது. கடலால் சூழப்பட்ட, மக்கள் குவிந்துகொண்டே இருந்த ஒரு நகரத்துக்கு இது மிகக் குறைவு என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்லிவந்தார்கள். கூட்டத்தைக் குறைப்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. கூட்டம் குறையவில்லை. சட்டப்படியான வீடு அரிதாகி விலை ஏறியது. மக்கள் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பையின் மக்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். விதிகள் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஆனால் அவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

அமெரிக்காவின் கதை வேறொரு பாடம். 1910-இல் பால்டிமோர் நகரம், கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சட்டமே போட்டது. லூயிவில் நகரத்தின் அதே மாதிரியான சட்டத்தை 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 1926-இல் அதே நீதிமன்றம், ஒரு பகுதியில் தனி வீடுகள் மட்டுமே இருக்கலாம், அடுக்கு வீடுகள் கூடாது என்று நகரங்கள் விதி வகுப்பதை ஏற்றுக்கொண்டது. பெரிய மனை, தனி வீடு என்று விதி வைத்துவிட்டால் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. பணம் இல்லாதவர் தானாகவே வெளியே நிற்பார். அங்கே பணம் இல்லாதவர் பெரும்பாலும் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில் மினியாபொலிஸ் நகர மன்றம் இந்த முறையைக் கைவிட முடிவெடுத்தது. தனி வீடு மட்டுமே என்று இருந்த மனைகளிலும் மூன்று வீடுகள் வரை கட்ட அனுமதித்தது.

நம் நாட்டில், குஜராத்தில் 1991 முதல் கலவரப் பகுதிகள் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அசையாச் சொத்தை விற்க மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். கலவரத்துக்குப் பயந்து மக்கள் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போவதைத் தடுப்பது என்பதே சொல்லப்பட்ட நோக்கம், அது நியாயமானதும்கூட. ஆனால் நடைமுறையில், அகமதாபாத் போன்ற நகரங்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருவர் பகுதியில் மற்றவர் வீடு வாங்குவதை அது கடினமாக்கியது என்ற விமர்சனம் வலுவாக இருக்கிறது. ஒரு சமூகம் ஒரே பகுதிக்குள் அடைபடும்போது, அந்தப் பகுதியில் மனை கிராக்கியாகும்; வாடகை ஏறும்; பள்ளியும் வங்கியும் தூரமாகும்.

நம் மாவட்டத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நம் தெருக்களில் எல்லாச் சமூகத்தாரும் கலந்தே வாழ்கிறோம். அந்த நிலையைக் காப்பது நம் பொறுப்பும்தான். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டும் என்று எல்லோரும் ஒரே தெருவில் போட்டி போடும்போது, அந்தத் தெருவின் வாடகையை ஏற்றுவது நாமேதான் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மாநகராட்சியான பின் வேங்கிக்கால்

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலில் அமைந்ததும், ஊர் வேகமாக வளர்ந்தது. 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வேங்கிக்கால் உள்ளிட்ட சுற்று ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்படுகின்றன. இதனால் நம் குடும்பங்களுக்கு என்ன மாறும்?

சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை ஆகியவற்றுக்கு மாநகராட்சி நிதி வர வாய்ப்பு உண்டு. அதே நேரம், சொத்து வரி ஊராட்சி அளவில் இருக்காது. ஊரகப் பகுதிகளுக்கென்று இருக்கும் திட்டங்கள் நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது. கலைஞரின் கனவு இல்லம் போன்ற ஊரக வீட்டுவசதித் திட்டமும், ஊரக வேலை உறுதித் திட்டமும் அந்த வகை. நகர்ப்புறத்தாருக்குப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு இருக்கிறது. ஆனால் சொந்த மனையில் தானே வீடு கட்ட மானியம் கேட்பவர், மனை தன்னுடையது என்பதற்கான ஆவணம் காட்டியாக வேண்டும். மீண்டும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்: ஆவணம் சரியாக உள்ளவருக்கு உதவி, மற்றவருக்கு இல்லை.

இன்னொன்று, கிரிவலம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரும் கூட்டமும் மற்ற நாட்களில் வரும் வெளிமாநில யாத்ரீகர்களும் நம் ஊரின் பிழைப்புக்கு ஆதாரம். நம்மில் எத்தனையோ பேரின் ஆட்டோவும் கடையும் அவர்களால் ஓடுகின்றன. ஆனால் குடியிருப்பாக இருந்த வீடு நாள் வாடகை விடுதியாக மாறும்போது, மாத வாடகைக் குடும்பத்துக்கு ஒரு வீடு குறைகிறது. வீட்டை விடுதியாக மாற்றுவதும் நிலப் பயன்பாடு சார்ந்த விஷயமே. எந்தத் தெருவில் விடுதி வரலாம் என்பதை முழுமைத் திட்டம் தெளிவாகச் சொன்னால், யாத்ரீகருக்கும் இடம் இருக்கும், உள்ளூர்க் குடும்பத்துக்கும் இடம் இருக்கும்.

பாகம் பிரிக்கும்போது

நம் குடும்பங்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் வாரிசுரிமை. தந்தை வஃபாத்தான பின் ஷரீஅத் முறைப்படி மகன்களுக்கும் மகள்களுக்கும் பாகம் பிரிகிறது. பங்கைக் கொடுக்காமல் இருப்பதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் 1,200 சதுர அடி மனையைத் தரையிலேயே நான்கு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்தால், ஒவ்வொரு துண்டிலும் முன்பக்கம், பக்கவாட்டு இடைவெளி விட்ட பிறகு ஓர் அறை கட்டக்கூட இடம் மிஞ்சாது. வரைபட அனுமதியும் கிடைக்காது. நாளைக்கு விற்றாலும் நல்ல விலை போகாது.

இதற்குப் பதிலாக, மனையைப் பிரிக்காமல் பிரிபடாத பாகமாக வைத்துக்கொண்டு, விதி அனுமதிக்கும் அளவுக்கு மாடி எழுப்பித் தளம் தளமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். அல்லது ஒருவர் மற்றவர்களின் பங்குக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் வாய்ப்பேச்சாக விடாமல், சகோதரிகளின் பங்கையும் சேர்த்து எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

மனை வாங்கும் முன்

நம் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் நாம் சொல்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. மனைப்பிரிவு வரைபடத்தில் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

2. மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 'ரெரா' எண் என்பது அதுவே.

3. சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். ஒப்படைக்காத சாலைக்கு மாநகராட்சி தார் போடாது.

4. வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல் ஆகிய மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். ஏரி, கால்வாய், வண்டிப்பாதை, கோயில், வக்ஃபு நிலமா என்று சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். பிறர் அறநிலையத்தின் சொத்தில் நமக்கு வீடு வேண்டாம்.

5. ஏற்கெனவே அனுமதியற்ற மனை வைத்திருப்பவர்கள், வரன்முறைக்கான வாய்ப்பு இப்போது திறந்திருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். தள்ளிப்போடுவதால் எந்த லாபமும் இல்லை.

6. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. சிறிய மனை வாங்கும் குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

7. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறலாம். அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. ஆனால் சான்று நீங்கள் கொடுப்பது. அதில் பொய் இருந்தால் பொறுப்பும் உங்களுடையதே.

நாம் கேட்க வேண்டியவை

மேலே சொன்னவை ஒரு குடும்பம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஊர் முழுவதற்குமான வழி வேறு. ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் தயாராகும்போது, அதை இறுதி செய்வதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தில் மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிலம் நிறைய வைத்திருப்பவர்கள்தாம். வாடகைக் குடும்பம் ஒன்று போய் மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்த நிலம் குடியிருப்பாகிறது, எந்தச் சாலை அகலமாகிறது என்று அந்த வரைபடம் முடிவு செய்துவிட்டால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நம் வாடகையும் அதிலேயே எழுதப்பட்டுவிடும்.

அப்போது கேட்பதற்கு நம்மிடம் நியாயமான கோரிக்கைகள் உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மனைகள் உண்மையில் அவர்களுக்குப் போகின்றனவா என்று கேட்கலாம். பேருந்து போகும் சாலைகளை ஒட்டிச் சிறிய வீடுகள் கூடுதலாகக் கட்ட இடம் கேட்கலாம். மலையடிவாரத்திலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் எடுக்கப்படும் குடும்பங்களுக்கு, அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் மாற்று இடம் கேட்கலாம். இவை நம் சமூகத்துக்கு மட்டுமான கோரிக்கைகள் அல்ல. ஒரே தெருவில் நம்மோடு வாடகை கொடுத்து வாழும் அனைவருக்கும் உரியவை. அவர்களையும் சேர்த்துக்கொண்டே கேட்க வேண்டும்.

திட்ட அறிவிப்பு ஏதேனும் வெளியாகும்போது, அதைத் தமிழில் எளிமையாக எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் இந்த இதழிலும் இன்ஷா அல்லாஹ் வெளியிடுவோம். மனை ஆவணங்களில் சந்தேகம் உள்ளவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகல்களோடு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு வந்தால் துஆ செய்வதைத் தவிர நம்மால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அச்சமில்லாமல் உறங்கும் ஒரு வீட்டை அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்